மூன்றாவது பல்லவியின் கைதட்டல்

எங்கள் முதல் ஆல்பம் ஒன்பது பாட்டு, முப்பத்தொரு நிமிடம். கல்லூரிக் கடைசி வருடம், ஒரு கார் ஷெட்டில் மூன்று நாளில் பதிவு செய்தோம். அதற்குப் பிறகு பதினான்கு வருடத்தில் இன்னும் ஐந்து ஆல்பம் போட்டோம். ஐந்துக்கும் கஷ்டப்பட்டு உழைத்தோம். விமர்சகர்களுக்கு நான்காவது பிடிக்கும். மேடை ஏறினால் கூட்டம் கேட்பது முதலாவதைத்தான்.

இப்போது அதன் ஒலியைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிறார்கள். பாட்டுப் பாட்டாகக் கேட்டு நாங்கள் சம்மதம் சொல்ல வேண்டும். நான்கு பேராகப் பதிவு செய்ததைக் கேட்க மூன்று பேராகப் போனோம். கீபோர்டு வாசித்தது என் மனைவி. அவள் இறந்து எட்டு மாதம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினேழு நாள்.

ஸ்டூடியோ டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். ஒலிப்பதிவு செய்பவரை எல்லாரும் அக்கா என்பார்கள். நான்கு நாற்காலி போட்டிருந்தார். நான்காவதில் தாத்தா தன் பையை வைத்தான். தாத்தா என்பது எங்கள் பாஸ் கிடார்காரன். என் வயதுதான். மதியத் தூக்கம் இல்லாமல் கல்லூரியிலேயே அவனால் இருக்க முடியாது. பாடுகிறவன் குருவி. நான் டிரம்ஸ்.

முதல் பாட்டு ஓடியது.

"இவ்வளவு வேகமாவாடா வாசிச்சோம்?" என்றான் தாத்தா. "நாய் துரத்துற மாதிரி இருக்கு. குருவி, உன் குரல் ஏன்டா எலிப்பொறியில மாட்டின மாதிரி கேக்குது?"

"எனக்கு அப்ப இருபது வயசு. உனக்குத்தான் அப்பவே அறுபது."

அக்கா சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்கும் தெரிந்தது.

இத்தனை வருடம் இந்த ஆல்பத்தைப் பற்றி நாங்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் பேசி வந்தோம். இப்போது கேட்டால் கூச்சப்பட ஒன்றுமில்லை. மூன்று கார்ட்ஸ்தான் தெரியும், அந்த மூன்றையும் நம்பி வாசித்திருக்கிறோம். பிறகு நிறையக் கற்றுக்கொண்டோம். இப்படி ஒரு பாட்டை அதற்கப்புறம் எங்களால் போட முடியவில்லை.

மூன்றாவது பாட்டு வந்தது. எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டு. பல்லவி மூன்று முறை வரும். ஒவ்வொரு முறையும் எட்டுக் கைதட்டல். முதல் பல்லவியில் எல்லாம் சரி. இரண்டாவதில் பாதியில் கைதட்டல் அரைத் தட்டு முன்னால் விழுந்துவிடும். மூன்றாவது பல்லவி முழுக்கவே அப்படித்தான். கேட்டவர்கள் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. மனதில் ஒட்டிக்கொள்வதே அந்த இடம்தான். எந்த ஊர் மேடையிலும் கூட்டம் சரியாக அந்த அரைத் தட்டு முன்னால் தட்டும்.

கைதட்டியது நானும் அவளும். எதிரெதிர் மூலையில் ஆளுக்கொரு மைக். பதிவு முடிந்ததும் குருவி, "யாருடா முன்னாடி தட்டினது?" என்றான். "அவதான்" என்றேன். தாளம் என் கையில் இருக்கிறது, நான் எப்படித் தவறுவேன்? மற்றவர்களும் அப்படியே நினைத்தார்கள். "நான் இல்ல" என்றாள். ஷெட்டுக்காரர் காரை உள்ளே விட வேண்டுமென்று வாசலில் நின்றார். திருத்த நேரமில்லை.

அது பிறகு மேடையில் நான் சொல்லும் கதை ஆனது. "அன்னைக்கு இவங்களுக்குப் பசி. பொட்டலம் வந்துடுச்சு. பாட்டு சீக்கிரம் முடியட்டும்னு அவசரமா தட்டிட்டாங்க." கூட்டம் சிரிக்கும். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் மைக்கில், "நான் இல்லைங்க" என்பாள். கல்யாணத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருடம் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். கதை முடிந்ததும் எழுந்து கும்பிடு போடுவாள். அது எந்த வருடம் என்று எனக்கு நினைவில்லை.

அவள் நினைவாக நடந்த நிகழ்ச்சியில் ஆயிரத்துச் சொச்சம் பேர் அதே அரைத் தட்டு முன்னால் தட்டினார்கள். பலர் அழுதுகொண்டே தட்டினார்கள்.

அக்கா பாட்டை நிறுத்தினார். "இந்தக் கைதட்டலைச் சரியான இடத்துக்கு நகர்த்திடவா? ஒரு நிமிஷ வேலை."

"ஐயோ, அதைத் தொடாதீங்க" என்றான் குருவி. "அதுதான் பாட்டே."

"ரெண்டு டிராக் இருக்கு. ரெண்டாவது பல்லவியில ஒண்ணுதான் முன்னாடி ஓடுது. இன்னொண்ணு சரியா இருக்கு."

"அவளோடதைப் போடுங்க" என்றேன். எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

"எது அவங்களோடதுன்னு எழுதலையே."

ஒன்றைப் போட்டார். ஒவ்வொரு தட்டோடும் லேசாக ஒரு கிலுகிலுப்பு. அவள் அப்போது தன் அண்ணனின் கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தாள். இரும்புப் பட்டை, மணிக்கட்டில் தொளதொளவென்று ஆடும். அவள்தான்.

இரண்டாவது பல்லவி வந்தது. எட்டுத் தட்டும் சரியான இடத்தில் இருந்தன.

"அடுத்ததைப் போடுங்க."

அதில் கிலுகிலுப்பு இல்லை. நான்கு தட்டு சரி. ஐந்தாவதிலிருந்து முன்னால். நடுவே ஒரு செருமல். என் செருமல்.

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"விடுடா" என்றான் தாத்தா. "உனக்குத் தெரியாம நடந்தது."

"குருவி, புக்லெட்ல என்ன எழுதியிருக்க?"

ஆல்பத்தோடு வரும் சிறு புத்தகத்துக்கு அவன்தான் பாட்டுக்கு நாலு வரி எழுதுகிறான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

"அந்தப் பசிக் கதைதான். அன்பாத்தான்டா எழுதியிருக்கேன்."

"எடுத்துடு."

"எடுத்துட்டு?"

"தப்பு என்னோடதுன்னு போடு."

குருவி நாற்காலியை என் பக்கம் திருப்பினான். "இங்க பாரு. அவ வாசிச்ச கீபோர்டு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? அந்தக் கைதட்டல்தான் அவ. ஜனம் அவளுக்காகத் தட்டுது. அதையும் பிடுங்கி உன் பேருக்கு எழுதிக்கப் போறியா?"

அவன் சொன்னது உண்மை. பொய்யைத் திருத்தினால் அவளுக்கென்று பாட்டில் எதுவும் மிஞ்சாது. விட்டால், செய்யாத தப்பு அச்சில் ஏறும். மறுத்துச் சொல்ல அவளும் இல்லை.

"மீதியையும் கேட்டுடுங்க" என்றார் அக்கா. "மூணாவது பல்லவி."

அவள் டிராக். முதல் தட்டு சரியான இடத்தில். இரண்டாவது வரவேண்டிய இடத்தில் வரவில்லை. ஒரு தட்டு விட்டுவிட்டாள். அடுத்தது அரைத் தட்டு முன்னால். அதற்கடுத்ததும். கடைசி வரை.

அக்கா இரண்டு டிராக்கையும் சேர்த்துப் போட்டார். நான் பல்லவியின் தொடக்கத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தட்டு நின்று, கேட்டு, என்னோடு வந்து சேர்ந்திருந்தாள்.

"தவறினவங்க இப்படி ஒரே அளவா தட்ட மாட்டாங்க" என்றார் அக்கா. "வேணும்னே மாறியிருக்காங்க. ரெண்டு பேரும் சேர்ந்து போனதாலதான் அது தப்பாத் தெரியல."

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

'நான் இல்ல' என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் 'அப்ப யாரு?' என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்று நினைத்திருக்கலாம். தெரிந்தே நான் மேடையில் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

"எழுதிக்கோ" என்றேன். குருவி போனை எடுத்தான்.

"இரண்டாவது பல்லவியில் தாளம் தவறியது டிரம்ஸ் வாசித்தவன். மூன்றாவதில் கீபோர்டு வாசித்தவள் தன் சரியான தாளத்தை விட்டு அவனோடு சேர்ந்துகொண்டாள். நீங்கள் தட்டுவது அவள் தட்டியதைத்தான். பதினான்கு வருடம் இதை மாற்றிச் சொன்னது டிரம்ஸ் வாசித்தவன்."

"கடைசி வரி வேணுமா?"

"வேணும்."

தட்டச்சு செய்தான். வாசித்துக் காட்டினான். "சிரிச்சுக்கிட்டே சேர்ந்துகொண்டாள்னு போடவா?" என்றான். "அவ அப்படித்தானே."

"போடாதே."

"ஏன்டா? நல்லா இருக்கும்."

"சிரிச்சாளான்னு நான் பாக்கல."

அக்கா நான்காவது பாட்டைத் திறந்தார்.