கழனித்தண்ணீரில் போன பாதி நினைப்பு

இந்த வீட்டைவிட்டு நான் கிளம்பினால் முதலில் கையில் எடுப்பது...

அந்த இடத்தில் செம்பில் தண்ணீர் தீர்ந்துவிடும். அரிசி கழுவ எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு செம்புதான். அதில் என் நினைப்பில் பாதியைத்தான் நினைக்க முடியும். மறுநாள் முதலிலிருந்து தொடங்கி, அதே இடத்தில் நிற்கும்.

எங்கள் ஊரில் தண்ணீர் ஒரு வேலையோடு ஓய்வு பெறுவதில்லை. குளித்த தண்ணீர் கல்வாழைக்குப் போகும். பாத்திரம் கழுவிய தண்ணீர் கத்தரிச் செடிக்குப் போகும். அரிசி கழுவிய தண்ணீர் பக்கத்து வீட்டு இருளாயி மதினியின் மாட்டுக்குப் போகும். அதற்காக மதினி எங்கள் கொல்லையில் ஒரு பானை வைத்திருந்தாள். மாட்டின் பால் உடையப்பனின் டீக்கடைக்குப் போகும். உடையப்பன்தான் ஊராட்சித் தலைவரும்.

ஒரு நாள் காலையில் டீ குடித்த ஆண்கள் எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரே விஷயத்தை நினைத்தார்கள். இந்த வீட்டைவிட்டு நான் கிளம்பினால் முதலில் கையில் எடுப்பது. அதற்குமேல் யாருக்கும் வரவில்லை.

அது சொந்த நினைப்பு என்று நம்பி முதலில் பயந்துபோனார்கள். சந்தைக்குக்கூடப் போகாதவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாமான்களை வெறித்துப் பார்த்தார்கள். பிறகு விசாரணை நடந்தது. உடையப்பன் பாலைக் காட்டினார். மதினி மாட்டைக் காட்டினாள். மாடு எங்கள் கொல்லையைத் திரும்பிப் பார்த்தது.

மதினி வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏத்தா, என்னத்த நெனச்சுக்கிட்டு அரிசி கழுவுற?"

"ஒண்ணும் நெனைக்கல மதினி."

"மாடு அப்படிச் சொல்லலையே."

அதன்பின் டீக்கடையில் வேறு பேச்சு இல்லை. மூக்குத்தி என்றார்கள் சிலர். தையல் மிஷின் என்றார்கள் சிலர். ரேஷன் கார்டு இல்லாமல் எந்தப் பொம்பளையும் கிளம்பமாட்டாள் என்றார் உடையப்பன். பேச வந்தவர்களுக்காக பெஞ்சு நீண்டுகொண்டே போய்க் கண்மாய்க்கரையைத் தொட்டது.

என் வீட்டுக்காரர் தர்மராசு டீக்கடைப் பக்கம் போகவில்லை. அடுப்படிக்கு வந்து, என் கைக்கு எது முதலில் எட்டுமோ அந்த இடத்தில் நின்றுகொண்டார். நான் அவரைச் சுற்றிக் கூட்டினேன். நாளாக ஆக அவர் கைக்கு அடக்கமாகிக்கொண்டே வந்தார். எண்ணெய்த் தூக்கு உயரம் வந்ததும் அவரை எடுத்து அரிசி டின்மேல் உட்காரவைத்தேன். தரையில் இருந்தால் மிதித்துவிடுவேன்.

"தூக்கிப் பாக்குறியா?" என்றார். "கனக்கமாட்டேன்."

நான் வெங்காயம் உரித்தேன்.

காய்ந்த கண்மாய்க்குள் கூட்டம் போட்டார்கள். என் குடமும் அங்கே இருந்தது. குழாயடி வரிசையில் அது பொறுமையாக நின்றதைப் பார்த்து அதை வார்டு உறுப்பினர் ஆக்கியிருந்தார்கள். என் நினைப்பு முடியும்வரை எனக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் தருவதென்று தீர்மானம் வந்தது. என் குடமும் அதை ஆதரித்தது. காலியாக இருந்ததால் அதன்மேல் எனக்கு வருத்தமில்லை.

மீதி எனக்கே தெரியாது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். தெரியும். தெரிந்ததைத் தண்ணீர் இருக்கும்போது நினைக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. என் கையில் பட்ட எல்லாமே அடுத்தவர் உபயோகத்துக்குப் போய்விடுகிறது. என் அழுக்கில் கூடக் கல்வாழை பூக்கிறது. எங்கேயும் பாயாமல் என்னிடமே தங்கியிருப்பது அந்த மீதி ஒன்றுதான்.

காலையில் தண்ணீர் லாரி வந்தது. அதன் முன்பக்கம் எங்கள் வாசலில் நின்றது. பின்பக்கம் இன்னும் கமுதியில் இருந்தது. ஊர் முழுக்க அடுப்படிக்குள் வந்து நிற்கும்படி சுவர்கள் கொஞ்சம் விலகிக்கொண்டன. மாட்டுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

குழாயைத் திறந்தார்கள். அவ்வளவு தண்ணீரை ஒன்றாக நான் பார்த்ததில்லை. என் கால்விரல்கள் தாமாகவே விரிந்துகொண்டன. நான் அவற்றை மடக்கினேன்.

உடையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நெனச்சு முடிச்சுரு தாயி. லாரிய நீயே வச்சுக்க. ஊருக்கு அந்த ஒரு வார்த்தை போதும்."

நேற்றிலிருந்து மாடு படுக்கவில்லை என்றாள் மதினி. மாடும் அதை மறுக்கவில்லை.

அரிசி டின்மேலிருந்து தர்மராசு என்னைப் பார்த்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்திருந்தார்.

"நானான்னு மட்டும் சொல்லு," என்றார்.

எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது. அவரை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் விளிம்பில், காற்று வரும் இடமாகப் பார்த்து வைத்தேன். டின்னைத் திறந்து, முறத்தில் அரிசியை அள்ளினேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். குழாய் என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் கழுவாமலே அதில் போட்டு மூடினேன்.