குதித்தவன் மடிக்கணும்

ஜெர்சனும் ஹரிபிரசாத்தும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பாராசூட்தான்.

நல்ல காலத்தில் கூட்டாக வாங்கியது. அப்போது இருவருக்கும் ஒரே உயரம், ஒரே தொப்பை, ஒரே பைத்தியம். செகண்ட் ஹேண்ட் ரிக். முதுகில் மாட்டும் பை, அதற்குள் பெரிய பாராசூட், அது மக்கர் பண்ணினால் உதவிக்கு ஒரு ரிசர்வ். முறை வைத்துக் குதித்தார்கள். ஒரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: குதித்தவன் மடிக்கணும். குதித்து முடித்தவன் அத்தனை துணியையும் ஒழுங்காக மடித்துப் பைக்குள் அடைத்து, அடுத்தவன் அப்படியே மாட்டிக்கொண்டு குதிக்கிற மாதிரி ஒப்படைக்க வேண்டும்.

அப்புறம் சண்டை வந்தது. தாம்பரத்தில் குதிக்க முடியாது. விமானப்படைக்காரர்கள் வானத்தையும் காம்பவுண்டுக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதனால் மதுராந்தகம் தாண்டி ஒரு தனியார் ஓடுபாதைக்குப் போவார்கள். அங்கே ஒரு நாள் ஜெர்சன் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு எருமைக் குட்டையில் இறங்கினான். எருமைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹரி எடுத்துக்கொண்டான், வீடியோவாக. பின்னணியில் நாதஸ்வரம் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தான். அது சேலையூர், செம்பாக்கம் எல்லாம் சுற்றி ஜெர்சனுடைய சபையின் வாலிபர் குழுவுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஞாயிறு பாஸ்டர் பெருமையையும் வீழ்ச்சியையும் பற்றிப் பிரசங்கித்தார். பெயர் சொல்லவில்லை. சபையே திரும்பிப் பார்த்தது.

ஜெர்சன் சும்மா இருப்பானா? திருமுடிவாக்கத்தில் ஹரி நடத்தும் கேட், கிரில் பட்டறைக்கு இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, "கேட்டும் கத்துகிறது, ஓனரும் கத்துகிறார்" என்று எழுதினான். அத்தோடு பேச்சு நின்றது.

சட்டம் மட்டும் நிற்கவில்லை. அதை மாற்ற வேண்டுமென்றால் யாராவது ஒருவன் முதலில் வாயைத் திறக்க வேண்டும். அதைவிட, எதிரி மடித்துக் கொடுத்ததை முதுகில் மாட்டிக்கொண்டு பறக்கிற விமானத்திலிருந்து குதிப்பது இருவருக்கும் சுலபமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் யூனிஸ் ஓர் அறிவிப்புச் செய்தாள். வார நாட்களில் கல்லூரியில் பி.டி. டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் யார் யாரோடு குதிப்பது என்று முடிவு செய்பவள். நான்கு பேர் வானத்தில் கைகோர்த்து ஒரு வளையம், கூடவே குதிக்கும் கேமராக்காரர் எடுக்கும் போட்டோ. அவளையும் சேர்த்து மூன்று பேர் தயார், நான்காவது ஆள் வேண்டும்.

"ஜெர்சனோ ஹரியோ, யார் முறையோ அவன் ரிக்கோட வா. உங்க பஞ்சாயத்தை என்கிட்ட கொண்டு வராதீங்க" என்றாள்.

முறை ஜெர்சனுடையது. அந்தப் போட்டோ அவனுக்கு உயிர். ஒரு எருமைக் குட்டையைச் சபையின் நினைவிலிருந்து அழிக்க அதைவிட்டால் வேறு வழியில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹரி ரிக்கோடு மாடம்பாக்கம் பிளாட்டுக்கு வந்தான். ஜெர்சனின் மனைவி கெசியா கதவைத் திறந்தாள்.

"சிஸ்டர், உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. ஷோக்கா மடிச்சிக் கீது. கண்ண மூடிக்கினு குதிக்கலாம்."

ஜெர்சன் கதவை ஒட்டிய சோபாவில்தான் உட்கார்ந்திருந்தான். "கெசியா, நான் கண்ணைத் திறந்துகிட்டே குதிப்பேன்னு சொல்லு."

"நான் என்ன மைக் செட்டா?" என்றாள் கெசியா. "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு?"

ஹரி சிரித்துவிட்டுப் போனான்.

அந்தச் சிரிப்புதான் பேஜார். வழக்கமாக ரிக்கைப் பொத்தென்று வைத்துவிட்டு முறைத்தபடி போகிறவன் எதற்குச் சிரிக்க வேண்டும்? ஜெர்சன் மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவன். நாளெல்லாம் செய்வதை வீட்டில் ஓசியில் செய்தான்: சோபாவைச் சுவரோரம் தள்ளி, டீப்பாயைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, ரிக்கைப் பிரித்தான்.

கயிறு கயிறாகப் பார்த்தான். மடிப்பு மடிப்பாகத் தடவினான். ஒரு குறைகூட இல்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

பிரித்ததை மடித்தாக வேண்டுமே. ஹாலில் குப்புறப் படுத்து, துணிக்குள்ளிருந்த காற்றை நெஞ்சால் அமுக்கி வெளியேற்றினான். கயிறுகளைக் கொத்தாகப் பிடிக்கும் ரப்பர் பேண்டுகளில் ஒன்று அறுந்தது. கெசியாவின் டிரஸ்ஸிங் டேபிளிலிருந்து தலைமுடி ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்து மாட்டினான். ரோஸ் கலர், நடுவில் ஒரு கரடி பொம்மை.

"ஏங்க, குக்கரை நிறுத்துங்க! கை மாவா இருக்கு!"

எழுந்து போய் நிறுத்தினான். திரும்பி வந்து, விட்ட இடம் என்று தோன்றிய இடத்திலிருந்து தொடர்ந்தான்.

ஞாயிறு காலை ஓடுபாதையில் ஹரியும் வந்து நின்றான். குதிக்க அல்ல. கையில் போன், முகத்தில் அதே சிரிப்பு. எருமைகளும் வந்திருந்தன.

விமானம் உறுமிக்கொண்டிருந்தது. ஏறும் முன் ஒவ்வொருவரின் முதுகையும் இன்னொருவர் பார்க்க வேண்டும். தன் முதுகைத் தானே பார்க்க யாராலும் முடியாது. யூனிஸ் மற்ற இருவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹரி, சும்மாதானே நிக்கிறே, அவன் முதுகைப் பாரு."

ஜெர்சன் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றான். ஹரி பையின் மேல்மடிப்பைத் தூக்கினான்.

"அக்கா, இவனை ஏத்தாதீங்க. பச்சை இல்ல."

பெரிய பாராசூட்டை வெளியே இழுத்துவர ஒரு குட்டிக் குடை உண்டு. குதிப்பவன் முதலில் அதைத்தான் காற்றில் எறிவான். மடிக்கும்போது அதன் நடுக்கயிற்றை இழுத்துவிட மறந்தால் அது காற்றைப் பிடிக்காது. கந்தல் துணி மாதிரி பின்னால் ஆடிக்கொண்டு வரும். இழுத்திருந்தால், குடையைப் பெரிய பாராசூட்டோடு இணைக்கும் பட்டையிலுள்ள சின்னத் திறப்பில் பச்சை நூல் தெரியும். ஜெர்சன் முதுகில் தெரிந்தது வெறும் வெள்ளை. குக்கரை நிறுத்தப் போனவன் அந்த ஒரு வேலையைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறான்.

யூனிஸ் வந்து குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. "யார் மடிச்சது?"

எல்லோரும் ஹரியைப் பார்த்தார்கள். சட்டம் எல்லோருக்கும் தெரியும். கடைசியாகக் குதித்தவன் ஹரி.

ஜெர்சன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஹரி ஜென்மத்துக்கும் இந்த ஓடுபாதைப் பக்கம் தலைகாட்ட முடியாது. பேசாமல் இருப்பதில் ஜெர்சனுக்கு நல்ல பழக்கமும் இருந்தது. இருந்தான்.

"நான் மடிச்சது பச்சையோட இருந்துச்சுக்கா. சத்தியமா" என்றான் ஹரி. முகத்திலிருந்த சிரிப்பைக் காணோம்.

"சத்தியத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? பிரி."

ஹரி அங்கேயே தார்ப்பாயில் வைத்துப் பிரித்தான். கயிறுகளுக்கு நடுவிலிருந்து ரோஸ் கலர் கரடி ஒன்று எட்டிப்பார்த்தது.

ஹரி அதை இரண்டு விரலால் தூக்கி வெயிலில் காட்டினான். "எனக்குப் பொண்டாட்டியே இல்லக்கா. தலையில முடியும் இல்ல. இது இன்னா எங்க பட்டறை வெல்டிங் மிஷின் சடை போட்டுக்கினு வந்துச்சா?"

கேமராக்காரர் கேமராவை மறந்து சிரித்தார். யூனிஸ் சிரிக்கவில்லை. ஜெர்சன் கிட்டே வந்து நின்றாள்.

"பிரிச்சு மடிச்சே, சரி. தப்பா மடிச்சே, அதுவும் நடக்கும். அவன் மேல பழி விழறப்ப நின்னு வேடிக்கை பார்த்தியே, அந்தக் கையையா நான் மேல போய்ப் பிடிக்கணும்? கழட்டி ஹரிகிட்ட குடு ஹெல்மெட்டை."

ஹரி மடித்தான். வேகமாக, வாயில் ஏதோ பாட்டு முனகிக்கொண்டு. ரிக்கை மாட்டிக்கொண்டு எழுந்து, ஜெர்சன் முன்னால் வந்து முதுகைத் திருப்பி நின்றான். விதி விதிதான். ஜெர்சன் மேல்மடிப்பைத் தூக்கினான். பச்சை பளிச்சென்று இருந்தது.

"அக்கா, பச்சை இருக்குன்னு அவன்கிட்ட சொல்லுங்க."

வளையம் அருமையாக அமைந்தது. போட்டோவில் ஹரியின் பல் அத்தனையும் தெரிந்தது. இரவு அவன் ஸ்டேட்டஸில் வளையம் ஒன்று, அதற்கு அடுத்தபடியாகக் கரடி பொம்மை ஒன்று, நாதஸ்வரத்தோடு. அடுத்த ஞாயிறு பாஸ்டர் சீஷனாகிய தோமாவையும் அவன் சந்தேகத்தையும் பற்றிப் பிரசங்கித்தார். பெயர் சொல்லவில்லை.

குதித்தவன் மடிக்கணும். அந்த வாரமும் ஹரி மடித்து எடுத்துக்கொண்டு வந்தான். கெசியாவிடம் ரிக்கையும், தனியாக ஒரு பொட்டலத்தில் ரோஸ் கலர் ரப்பர் பேண்டையும் கொடுத்தான். சிரித்தான். போனான்.

ஜெர்சன் ரொம்ப நேரம் ரிக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து சோபாவைச் சுவரோரம் தள்ளினான்.

"கெசியா, இன்னிக்குக் குக்கர் வைக்காதே."