சாந்தகுமாரி கேட்ட மீட்டர்

1

இந்தக் கதை முதலில் என் வாய்க்குள்தான் நடந்தது. காதில் விழுந்த தமிழ் நாக்கில் இந்தி மொழியாகப் புரள்வதற்குள் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில். ஆகவே இதை எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். (சாந்தகுமாரி அக்காவுக்கு அதில் சந்தேகம் உண்டு.)

நான் மாதங்கி. மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளர். வீடு மயூர் விஹார். கதைகளும் எழுதுகிறேன். போன மாதம் பல மாநில உழவர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தில்லியில் மாநாடு போட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பேசுவதை மேடையில் இந்தியில் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். அன்றிலிருந்து இந்தக் கதையைத் தொடங்கிக்கொண்டே இருக்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘வெடித்துக் கிடந்த நிலத்தை வெறித்தபடி அவள்...’

இதைப் போனில், அந்த மாநாட்டில் பேசிய சாந்தகுமாரி அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

“ஏனுங்கம்மிணி, நான் எப்பங்க வெறிச்சேன்? வெறிச்சுட்டு நிக்கறதுக்கு எனக்கு நேரமிருக்குதுங்களா?”

இரண்டாம் தொடக்கம்: ‘இயற்கை அன்னையின் மடியில்...’

முடிக்க விடவில்லை. “நான் யூரியா போடறவ அம்மிணி. முன்ன மூட்டை மூட்டையாப் போட்டேன், இப்பக் கொஞ்சமாப் போடறேன். என்னைய சாமியாராக்காதீங்க. நடந்ததை எழுதுங்க.”

சரி. நடந்தது.

2

பிரதிநிதிகளுக்குப் பார்த்திருந்த விடுதியில் பெண்களுக்குத் தனி அறை இல்லை. அதனால் சாந்தகுமாரி அக்கா என் வீட்டில் தங்கினார். காங்கேயம் பக்கம், வானம் பார்த்த பூமி. ஐம்பதைத் தாண்டியவர். மாலையில் அவரை மெட்ரோவில் அழைத்து வந்தேன். ரயில் யமுனைப் பாலத்தில் ஏறியதும் இருக்கையிலிருந்து துள்ளி எழுந்தார்.

“அம்மிணி! அங்க பாருங்க, ஆத்துக்குள்ள வெள்ளாமை! கீரையாட்ட இருக்குது. எறங்கிக் கேட்டுட்டு வரலாமுங்களா?”

“அக்கா, வண்டி பாலத்து மேல போயிண்டிருக்கு.”

“அப்ப அடுத்த ஸ்டாப்புல.”

பெட்டியே திரும்பிப் பார்த்தது. (ஆற்றங்கரைப் பாத்திகளைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போகிறேன். அவற்றைப் பற்றி இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதி, அழகாக வந்ததால் நீக்கிவிட்டேன். அக்காவுக்கு அங்கே அழகு தெரியவில்லை. பாத்தியில் என்ன விளைகிறது, யார் தண்ணீர் கட்டுகிறார்கள் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.)

அவரை ஊரிலிருந்து தில்லிக்கு அழைத்து வந்தவர் ஜோதிலிங்கம். அக்காவின் பெரியப்பா மகன், சங்கத்தின் மாநிலத் தலைவர். நாடு முழுக்க விவசாய மோட்டாருக்கு மீட்டரில்லாத இலவச மின்சாரம் வேண்டும் என்ற தீர்மானத்தை மறுநாள் அவர் முன்மொழிய வேண்டும். அக்கா வழிமொழிய வேண்டும். அக்காவின் அப்பா, மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் நடத்திய கரண்ட் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். அவர் மகளே மேடையில் நிற்கப்போகிறாள். இதைவிடப் பொருத்தம் வேறென்ன?

அன்று சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அக்கா சொன்னார்: “நாளைக்கு நான் அண்ணனோட தீர்மானத்தை வழிமொழியப் போறதில்லீங்க. திருத்தம் சொல்லப்போறேன்.”

கேஸைக் குறைத்தேன். “அவருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா மேடைக்கே விடமாட்டாரு.”

பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார். கரண்ட் இலவசம் என்பதால் ராத்திரி பகலாக மோட்டார் ஓடியது. தென்னைக்குத் தண்ணீர் போதவில்லையென்று ஒருவர் ஆழப்படுத்த, பக்கத்துக்காரர் இன்னும் ஆழப்படுத்தினார். கடைசியாக அக்கா ஆயிரம் அடிக்குப் போர் போட்டபோது புழுதிதான் புகையாகப் பறந்தது. அதன் பிறகு சுற்றியுள்ள நிலத்துக்காரர்கள் உட்கார்ந்து பேசினார்கள். தென்னையைக் குறைத்துச் சோளமும் உளுந்தும் போட்டார்கள். வரப்பை உயர்த்தினார்கள். குட்டை வெட்டினார்கள். மோட்டாரை முறை வைத்து ஓட்டினார்கள்.

“போன மழைக்கு எங்க பழைய கெணத்துல தண்ணி ஊறிருச்சு அம்மிணி!” வெங்காயத்தை வீசிவிட்டு எழுந்து நின்றார். “பத்து வருசமாக் குப்பை கொட்டுன கெணறு! எட்டிப் பாத்தா என்ற மூஞ்சி தெரியுது! சங்கம், போராட்டம்னு இத்தனை நாளா ஆளுங்களுக்கு மட்டும் பங்கு கேட்டோம். பூமிக்கும் ஒரு பங்கு வெக்கோணுமில்லீங்களா?”

அந்தக் கண்களைப் பார்த்திருந்தால் நீங்களும் கதை எழுதியிருப்பீர்கள்.

3

ஜோதிலிங்கத்தை வில்லனாக்கிவிட்டால் இந்தக் கதை இன்னும் வேகமாக ஓடும். ஒரு வரைவில் அவருக்குத் தங்க மோதிரம்கூடப் போட்டேன். ஆனால் அவர் கையில் மோதிரமில்லை. இடது முழங்கையில் பழைய லத்தியடித் தழும்புதான் இருந்தது. மறுநாள் மேடையில் அவர் பேசியதை ஒவ்வொரு வார்த்தையாக இந்தியில் சொன்னபோது எனக்கே சிலிர்த்தது.

அடுத்து அக்கா மைக்கைப் பிடித்தார். “அண்ணன் சொன்னதுல பாதியை ஒத்துக்கறேன். கரண்ட் இலவசமாவே குடுங்க. ஆனா மீட்டர் மாட்டுங்க. ஆளுக்கு இத்தனை யூனிட்டுன்னு குடுங்க. அதுல மிச்சம் பண்றவங்களுக்கு அந்தக் காசைத் திருப்பிக் குடுங்க.”

தமிழ் புரிந்தவர்கள் முன்வரிசையில் இருந்த சிலர்தான். மற்ற எல்லோரும் என்னைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ஜோதிலிங்கம் என் பக்கம் சாய்ந்தார்.

“மேடம், வழிமொழியறாங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. இன்னைக்கு மீட்டர் வந்தா நாளைக்கு பில்லு வரும். அதுக்காகத்தான் நாங்க ரத்தம் சிந்துனோம்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மீட்டரை நம்பிக் கெட்டவர்களின் பயம் அது.

இந்த இடத்தில் கதாசிரியருக்குப் பல வழிகள் உண்டு. மைக் பழுதாகலாம். மின்சாரமே போகலாம். (போனால் எவ்வளவு பொருத்தம்! போகவில்லை.) நான் தயங்கியதாக ஒரு பத்தி எழுதி, நீளமாக்கி, கடைசியில் வெட்டினேன். உண்மையில் நான் தயங்கவே இல்லை. எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. ஆபீஸில் ஆயிரம் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு வாக்கியம்கூட என்னை இப்படிச் சூடேற்றியதில்லை. அக்கா கையை ஆட்டினால் நானும் ஆட்டினேன். “கிணற்றில் முகம் தெரிகிறது” என்று அவர் கத்தியபோது நான் இந்தியில் அதைவிட உரக்கக் கத்தினேன்.

அரங்கம் கொதித்தது. “பைட் ஜாவ்!” என்று பின்வரிசை கூச்சல் போட்டது, உட்காரச் சொல்லி. ஒருவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். அப்போது ஹரியானாவிலிருந்து வந்திருந்த சந்தோஷ் தேவி, முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“இந்தத் தமிழ்நாட்டு பெஹன்ஜி சரியாகத்தான் சொல்கிறாள்! எங்கள் ஊரிலும் மோட்டாரை இறக்கிக்கொண்டே போகிறோம். நெல் போடுவதை விடு என்று சர்க்கார் சொன்னால் அடிக்கப் போகிறோம். நமக்குள் நாமே ஏன் பேசக் கூடாது?”

இப்போது இந்தியைத் தமிழாக்கி அக்காவிடம் சொன்னேன். அக்கா மேடையிலிருந்து இறங்கிப் போய் அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவர்கள் பேசியதற்கு நான் தேவைப்படவில்லை. ஒருத்தி காங்கேயத் தமிழ், ஒருத்தி ஹரியான்வி. இருவரும் தரையில் விரலால் கிணறு வரைந்துகொண்டிருந்தார்கள்.

வாக்கெடுப்பு நடக்கவில்லை. மாநாட்டுத் தலைவர், தீர்மானத்தையும் திருத்தத்தையும் மாநிலச் சங்கங்களுக்கே திருப்பி அனுப்புவதாக அறிவித்தார். ஊர் ஊராகப் பேசி முடிவெடுத்து வர வேண்டும். ஜோதிலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அக்காவைப் பார்க்காமல் வெளியேறினார்.

4

ஊருக்குத் திரும்பும் ரயிலில் அண்ணன் தங்கை இருவருக்கும் எதிரெதிர் இருக்கை.

முடிவு அ: நாக்பூரில் ஜோதிலிங்கம் அக்காவுக்கு ஆரஞ்சு வாங்கிக் கொடுத்து... (எழுதும்போதே எனக்குக் கூசியது.)

முடிவு ஆ: அக்காவைச் சங்கத்திலிருந்து நீக்குகிறார்கள். அவர் தனியாக... (அக்கா தனியாக நின்று நான் பார்த்ததே இல்லை.)

நேற்றுப் போனில் கேட்டேன். “ரயில்ல பேசினாரா அக்கா?”

“பேசுனோம், சண்டை போட்டோம். ஈரோடு வர்ற வரைக்கும் சண்டை. பக்கத்து சீட்டுக்காரரு வேற பெட்டிக்குப் போயிட்டாரு. வாற ஞாயித்துக்கெழமை எங்கூர்ல சங்கக் கூட்டம். அண்ணன் அவரு பக்கத்தைச் சொல்லுவாரு, நான் என்ற பக்கம். முழுக்கத் தமிழ்தான், உங்களுக்கு வேலையில்லீங்க!”

“யார் ஜெயிப்பா?”

“அது தெரிஞ்சா எதுக்குங்க கூட்டம்?” சிரித்தார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. “முறை முடிஞ்சுது அம்மிணி, நிறுத்தோணும்” என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு வரை காத்திருந்தால் எனக்கு முடிவு கிடைத்துவிடும். அதனால்தான் சனிக்கிழமையே இதை அச்சுக்கு அனுப்புகிறேன். முடிவு தெரிந்துவிட்டால், அது முதலிலிருந்தே அப்படித்தான் ஆகும் என்பதுபோல் எழுதிவிடுவேன். கதாசிரியர்களுக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் லத்தியடி பட்ட கை, இன்னொரு பக்கம் தண்ணீர் ஊறிய கிணறு. இரண்டும் ஒரே குடும்பம். கூட்டத் தலைவர் எழுந்து கேட்கிறார்: திருத்தத்தை ஆதரிக்கிறவர்கள்...