ஈ நுழையாத கூண்டு

வெல்டர் செய்த கூண்டுக்குள் ஈ, எறும்பு நுழையாது. மூன்று வருடமாக இதைச் சொல்லிச் சொல்லியே ஊரார் காதைப் புளிக்க வைத்திருந்தார். மலைச்சரிவில் மிஞ்சியிருந்த ஒரே காட்டு ஆர்க்கிட் பூச்செடியைப் பிடுங்கி விற்க ஆட்கள் அலைகிறார்கள் என்று, வனத்துறையில் வேலை பார்க்கும் மகள் கேட்டுச் செய்தது அது. மகள் கேட்டால் சும்மாவா? கம்பிக்கு உள்பக்கம் பொடிக்கண் கம்பி வலையும் வைத்துப் பற்றவைத்தார். அவளும் மெச்சினாள்.

செடி வருடந்தோறும் பூத்தது. ஒரு காய் பிடிக்கவில்லை. செடிக்கு வயதாகிவிட்டது என்றார்கள்.

ஒரு நாள் மகள் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, கோபப்படாம கேளுங்க."

"நான் எப்பம்மா கோபப்பட்டேன்?" என்று கோபமாகக் கேட்டார்.

"இன்னிக்கு செடி பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். ஒரு சின்னத் தேனீ வலையில முட்டி முட்டித் திரும்பிப் போயிடுச்சு. அது உள்ள போனாத்தானே காய் பிடிக்கும்? நம்ம ரெண்டு பேருக்குமே தோணல பாருங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "அப்போ என் வேலை சரியில்லங்கிற."

"ரொம்ப சரியா இருக்குப்பா. அதான் தொல்லையே."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. பூ இந்த வாரம்தான் நிற்கும் என்றாள். பாதி முடிந்த இரும்பு கேட்டை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார். வெட்டும் மெஷின் வைத்தால் பொறி பறந்து பூ கருகும். கூண்டைத் திறந்து, தகரம் வெட்டும் கத்திரியாலேயே வலையை முழுக்க வெட்டி எடுத்தார். விரல் கொப்பளித்துப்போனது. கூண்டைத் திரும்பப் பூட்டினார்.

"கம்பிக்குள்ள கையை விட்டுப் பாரும்மா."

மகளின் ஒல்லிக் கைகூட நுழையவில்லை; செடி பிடுங்க வருகிறவன் கை எங்கே நுழையும்! இருவரும் தள்ளி உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்துத் தேனீ வந்தது, கூண்டைச் சுற்றியது.

"வா தாயி, வா," என்று கிசுகிசுத்தார். தேனீ உள்ளே போய், முதுகில் மகரந்தம் மஞ்சள் பொட்டாக ஒட்டியிருக்க, அடுத்த பூவுக்குத் தாவியது. மகள் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் போன் வந்தது. "அப்பா, காய் பிடிச்சிருக்கு! நாலு காய்!"

அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. "என் பொண்ணு கண்டுபிடிச்சா" என்று தெருவில் போனவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் ஒருவர் ஜன்னல் கிரில் கேட்டு வந்தார். "ஈ, எறும்பு நுழையக் கூடாது, அண்ணே."

வெல்டர் அளவு டேப்பை எடுத்தார்.

"அது கிடக்கட்டும். யாரெல்லாம் உள்ள வரணும்? முதல்ல அதைச் சொல்லுங்க."