மகிழினிக்கு ஒரு பேனர்

வியாசர்பாடி குடியிருப்பின் முனையில், கேரம் கிளப் சுவரை ஒட்டி இரண்டு சவுக்குக் கம்பங்கள் நிரந்தரமாகவே நின்றன. யாராவது இறந்தால் பேனர் கட்டுவதற்கு. ஃபிளெக்ஸ் பேனர் புதிதாக வந்து தெருவெல்லாம் நிறைந்திருந்த 2004-ஆம் வருஷம் அது. கம்பங்கள் சும்மா இருந்த நாள் குறைவு.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால் வாங்கப் போன ரமாபாய் அங்கே புதுப் பேனரைப் பார்த்து நின்றுவிட்டாள். கறுப்பு நாய் ஒன்று நாக்கைத் தொங்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. ‘எங்கள் தெருவின் காவலன் பிளாக்கிக்குக் கண்ணீர் அஞ்சலி.’ பக்கத்தில், நாயைவிடப் பெரிதாக, கூலிங்கிளாஸ் அணிந்து கைகூப்பியிருந்தார் கிளப் தலைவர் எத்திராஜ்.

ரமாபாய் பால் வாங்காமலே திரும்பினாள்.

ஆகஸ்டில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் விடிகாலையில், ஆஸ்பத்திரியிலேயே, அதன் மூச்சு நின்றுபோனது. அன்றிலிருந்து குடியிருப்பு அவளிடம் ரொம்பவும் ஜாக்கிரதையாக நடந்துகொண்டது. அவள் தலையைக் கண்டால் கைக்குழந்தைகள் முந்தானைக்குள் மறைந்தன. பேச்சு சட்டென்று தண்ணீர் லாரிக்குத் தாவியது. ஆறுதல் சொன்னவர்கள் அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “சின்ன வயசுதானே, அடுத்த வருசமே ஒண்ணு பெத்துக்க.” குடம் உடைந்தால் வேறு வாங்குகிற மாதிரி. குழந்தைக்கு என்ன பெயர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அவள் கணவன் பாரி, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுபவன், போர்வைக்குள் இருந்தான்.

“யோவ், எந்திரி. நாய்க்கு பேனர் வெச்சிக்கீறானுங்க.”

“தெரியும்மே. அடக்கத்துக்கு நானுந்தான் போனேன். மாலைகூட போட்டாங்க.”

“எம்பொண்ணுக்கு யார்யா மாலை போட்டா?”

பாரி எழுந்து உட்கார்ந்தான். குழந்தையை அவனும் ஒரு தோஸ்துமாகப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்து, மறுநாளே கம்பி தூக்கப் போனவன் அவன். அந்த வீட்டில் ‘எம்பொண்ணு’ என்ற சொல் சத்தமாகக் கேட்டது அதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

“பேனர் வெக்கணுமா?”

“வெக்கணும்.”

“ஜனம் சிரிக்கும் ரமா.”

“சிரிக்கட்டும். இதுங்க பாவமா பாக்கறதுதான் பேஜாரா கீது.”

பேனர் கடை வைத்திருந்த சாலமோன் திசையன்விளைக்காரன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரும்பாமலே கேட்டான்.

“இறந்தவங்க போட்டோ கொண்டாந்திருக்கியளா?”

“எடுக்கலியே அண்ணாச்சி,” என்றான் பாரி.

“வயசு?”

“மூணு.”

“மூணு வயசுதானா? அட ஆண்டவரே!”

“வயசு இல்ல. நாளு.”

சாலமோன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் வேலையில் இறங்கிவிடுவது அவன் வழக்கம். குழந்தைப் படங்களாகத் திறந்து காட்டினான். எல்லாம் நீலக்கண் குழந்தைகள்.

“இது நல்லா இருக்கும் பாத்துக்கிடுங்க. சிரிச்ச முகம்.”

“இது இன்னா அண்ணாச்சி, வெள்ளக்கார கொயந்த. எம்பொண்ணு நல்லா கறுப்பா, அயகா இருந்தா,” என்றாள் ரமாபாய்.

“நிறத்தை மாத்திரலாம்.”

மாற்றினான். கண் மட்டும் நீலமாகவே முழித்தது.

“வுட்ரு அண்ணாச்சி. எனுக்கே பயமா கீது,” என்றான் பாரி.

“அப்போ கட்டத்தைக் காலியா விடவா? சாலமோன் கடையில மை தீந்துபோச்சும்பானுவ.”

“போட்டோ எடத்துல பேரைப் போடு. பேர் மகிழினி,” என்றாள் ரமாபாய்.

சாலமோன் தட்டினான். ஐந்தாம் மாதத்தில் ஒரு வாரம் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த பெயர், முதல்முறையாக எழுத்தில் வந்து நின்றது.

“கொஞ்சம் பெருசா,” என்றான் பாரி.

பெரிதாக்கினான்.

“இன்னும் கொஞ்சம்.”

கம்பம் கிளப்புடையது என்பதால் எத்திராஜ் படம் இல்லாமல் எதுவும் ஏறாது. ரமாபாய் பெருந்தன்மையாக ஒரு மூலையை ஒதுக்கினாள்.

புதன்கிழமை சாயங்காலம் பேனர் ஏறியது. கட்டிவிட்டு இறங்கி நின்று பார்த்தபோதுதான் பாரிக்கு அது கண்ணில் பட்டது. மகிழினி என்ற பெயருக்குக் கீழே, கொட்டை எழுத்தில், ‘எங்களுக்காக ஓயாமல் குரல் கொடுத்த உரிமைப் போராளியே!’ என்று இருந்தது. முந்தின நாள் ஒரு யூனியன் தலைவருக்கு அடித்த பேனரில் இருந்த வரியை அழிக்க சாலமோன் மறந்துவிட்டான்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்கள். பாரி கயிறு வெட்டிய கத்தியை எடுத்துக்கொண்டு கம்பத்தில் கால் வைத்தான்.

“இருய்யா,” என்றாள் ரமாபாய். இன்னொரு தடவை படித்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“குடுத்தாளா இல்லியா, கேளு! ரெண்டு நாளும் வார்டு ஃபுல்லா அவ குரல்தான். பாலு ஒரு நிமிசம் லேட்டானா போதும், போராட்டம். ‘இந்த வார்டுக்கு இதுதாம்மா லீடரு’ன்னு நர்ஸம்மாவே சொல்லிச்சு.”

அந்தக் குழந்தை கத்தியது, பால் கேட்டது என்பதெல்லாம் கூட்டத்துக்கு அன்றைக்குத்தான் தெரியும். டீக்கடை ஹபீபுல்லா பாய், பால் விஷயம் தன் தொழில் என்பது போல, “பாலு நல்லா குடிக்குமாம்மா?” என்று கேட்டார்.

“நல்லா குடிப்பா பாய்,” என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

மறுநாள் பூக்கார வரலட்சுமி கூடையோடு படியேறி வந்தாள். ஐம்பது தாண்டியவள். வந்த விஷயத்தைச் சொல்லாமல் கதம்பத்தை அளந்துகொண்டே இருந்தாள்.

“எனுக்கும் ஒரு பையன் இருந்தான். ஏயாம் மாசத்துல போய்ட்டான். இருவத்திரண்டு வருசம் ஆவுது. அறிவுன்னு வெக்கலாம்னு இருந்தேன்.”

“ஒரு நாளும் சொன்னதில்லியேக்கா!”

“யாரு கேட்டா? அடுத்த பேனர்ல அவன் பேரும் ஒரு ஓரமா வருமா?”

அடுத்த பேனர் என்று ஒன்று இருப்பதே ரமாபாய்க்கு அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமைக்குள் பதினோரு பெயர்கள் வந்துவிட்டன. பக்கத்து பிளாக்கிலிருந்து வந்த ஒருத்திக்குப் பெயர் எதுவும் இல்லை. ‘பாப்பா’ என்றே எழுதச் சொன்னாள்.

அன்று மத்தியானம் எத்திராஜ் வந்தார். கூலிங்கிளாஸ் இல்லாமல் வந்ததால் ரமாபாய்க்கு யாரென்றே முதலில் பிடிபடவில்லை.

“அடுத்த பேனர்லேந்து எம்போட்டோவ எட்த்துடும்மா.”

“இன்னாண்ணா, கோச்சிக்கினியா?”

“அந்த எடம் வோணும். ரெண்டு பேர் போடணும். ரெட்டப் பசங்க, பொறக்கசொல்லவே உசுரு இல்ல. எம்பொண்டாட்டிதான் சொல்ல வெக்கப்பட்டுகினு என்னை அனுப்பிச்சு.” வெட்கம் யாருக்கு என்பது அவர் தரையைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

“பேர் சொல்லுண்ணா.”

“பெரியவன் எத்திராஜ்.”

“அது உன் பேராச்சே.”

“ஆமா. ஜூனியர்.”

“சின்னவரு?”

எத்திராஜ் யோசித்தார். “அவனுக்கு வேற நல்ல பேரா அவளையே கேட்டு சொல்றேன்,” என்று போனார். ராஜாராம் என்று சாயங்காலம் தகவல் வந்தது.

சாலமோன் இந்தத் தடவை மூன்று பேரை வைத்துச் சரிபார்த்தான். குரல் கொடுத்த வரியை ரமாபாய் அப்படியே வைக்கச் சொன்னதும், “தப்பா விழுந்ததையே திரும்பக் கேக்குத கஸ்டமரை இப்பத்தான் பாக்கேன்,” என்றான்.

ஞாயிறு மாலை பேனர் ஏறியபோது எத்திராஜ் மைக் செட் வைத்துவிட்டார். மைக் வைத்தவர் பேசாமல் இருப்பாரா? தலைவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம் சொல்லி, பிளாக்கியின் சேவையை நினைவுகூர்ந்து, வார்டு கழிவுநீர்ப் பிரச்சினைக்கு வந்தபோது அவர் மனைவி எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினாள். “எத்திராஜ். ராஜாராம்,” என்று மட்டும் சொன்னாள்.

ஒவ்வொருத்தியாகச் சொல்லி, மைக் ரமாபாயிடம் வந்தது. இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

“எம்பொண்ணு பேரு மகிழினி,” என்றாள். வேறென்ன சொல்லலாம் என்று தேடினாள். “மூக்கு அப்பிடியே அவங்கப்பா மூக்கு.”

மொத்தக் கூட்டமும் திரும்பி பாரியின் மூக்கைப் பார்த்தது. அவன் கையால் அதை மூடிக்கொண்டான். அப்புறம் என்ன தோன்றியதோ, எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று கையை எடுத்துவிட்டான்.