ஒரு நகல் கூடிப்போன வழக்கு

1

இந்தக் கதை ஒரு தவறில் பிறந்தது. தவறு செய்தவரே எழுதுகிறார். பெயர் சுடலைமணி, தென்காசியில் ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறவர். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் கஷ்டத்தையெல்லாம் ‘நான்’, ‘நான்’ என்று எழுதி எழுதி, சொந்தக் கதைக்கு அந்தச் சொல் வரமாட்டேன் என்கிறது. ஆகவே சுடலைமணி என்றே இருக்கட்டும்.

முதல் தொடக்கம்: “சீசன் களைகட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவியின் சாரலில்…”

(அடித்தாயிற்று. அருவியை வர்ணித்தால் அடிபட்டவரை மறந்துவிடுவீர்கள்.)

2

நடந்தது இவ்வளவுதான். நெல்லையப்பன் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஐந்தருவிக் கூட்டத்தில் அவருடைய எண்ணெய்க் கை, லீவில் வந்திருந்த ராணுவ வீரர் முத்துகுமரனின் வெள்ளைச் சட்டையில் பட்டுவிட்டது. முத்துகுமரன் அறைந்தார், படியில் பிடித்துத் தள்ளினார். வலது மணிக்கட்டு ஒடிந்தது. கம்பி வைத்தும் பிடி வரவில்லை. எண்ணெய் தேய்க்கிறவருக்குக் கைதானே கடை.

போலீஸ் வழக்குப் போட்டது. நெல்லையப்பன் சுடலைமணியிடம் ஒரு மனுவும் எழுதி வாங்கினார். ஊர் வழக்கப்படி மனுவின் அடியில் நகல் பட்டியல் நீளவேண்டும்: கலெக்டர், எஸ்.பி., முதலமைச்சர் தனிப்பிரிவு. நகல் குறைந்தால் மனுதாரருக்கே நம்பிக்கை வராது. சுடலைமணி ஒரு கெத்துக்காக முத்துகுமரனின் படைப்பிரிவு அதிகாரிக்கும் ஒன்று சேர்த்தார். அங்கேயும் நாலு திட்டு விழட்டுமே.

அதிகாரி திட்டவில்லை. ‘எங்கள் ஆளை ராணுவ நீதிமன்றத்தில் நாங்களே விசாரிக்கிறோம், ஒப்படையுங்கள்’ என்று தென்காசி கோர்ட்டுக்கு எழுதிவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

[வக்கீல் உமா மகேஸ்வரி சொன்னது: இந்த மாதிரிக் குற்றத்தை இரண்டு கோர்ட்டுமே விசாரிக்கலாம். தன் பக்கம் கேட்க அந்த அதிகாரிக்கு உரிமை உண்டு. நம் மாஜிஸ்திரேட் ‘இங்கேயே நடக்கட்டும்’ என்று நின்றால், மத்திய அரசு முடிவு செய்யும். நகல் போகாவிட்டாலும் அதிகாரிக்குத் தகவல் போயிருக்குமாம். இது சட்டமா ஆறுதலா என்று சுடலைமணி கேட்டுக்கொள்ளவில்லை.]

3

முத்துகுமரனைக் கெட்டவராக எழுத மூன்று முறை முயன்றாயிற்று. மீசையைப் பெரிதாக்கிப் பார்த்தும் சரிப்படவில்லை. அவருடைய ஊரான குத்துக்கல்வலசையில் விசாரித்தால் நல்ல பையன் என்கிறார்கள். பனிமலையில் இரண்டு வருஷம் காவல் நின்றவராம். காவல் நின்ற கையும் அதுதான், தள்ளிய கையும் அதுதான் என்னும்போது எந்தக் கையை எந்தக் கோர்ட்…

(வாக்கியம் அழகாகிக்கொண்டே போகிறது. நிறுத்தியாயிற்று.)

4

முடிவு ஒன்று: ராணுவக் கோர்ட். சீக்கிரம் முடியும் என்கிறார்கள். தண்டனையும் கடுமையாக இருக்கலாம், வேலையே போகலாம். ஆனால் அது ரயிலில் மூன்று நாள் தூரத்தில் நடக்கும். அங்கே போய் நெல்லையப்பன் சாட்சி சொல்லலாம். அன்றைக்குப் படியில் நின்று பார்த்த ஜனம் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

முடிவு இரண்டு: தென்காசி கோர்ட். பஸ்ஸில் அரைமணி. யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். வாய்தா, வாய்தா, மறுபடி வாய்தா. தீர்ப்பு வருகிற அன்றைக்கு நெல்லையப்பன்…

(இதை முடிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று வக்கீலம்மாவும் சொல்லவில்லை.)

5

எந்தக் கோர்ட் விசாரிக்கவேண்டுமோ அதற்கு நெல்லையப்பனின் புது மனு திங்கட்கிழமைக்குள் போயாகவேண்டும். நெல்லையப்பன் வந்தார். நகல் விஷயத்தைச் சுடலைமணி ஒத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. நெல்லையப்பன் கோபிக்கவில்லை.

“அண்ணாச்சி, என்னய அடிச்சத ஊரே பாத்துச்சு. அது தப்புன்னு சொல்லுததயும் ஊரு பாக்கணும்லா?”

அப்படியானால் தென்காசிதான் என்று சுடலைமணி பேனாவை எடுத்தார்.

“ஆனா நான் இருக்கும்போதே சொல்லிரணும்” என்றார் நெல்லையப்பன்.

பேனா நின்றது. நெல்லையப்பன் மனுவின் அடியில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். எங்கே அனுப்பலாம் என்று கேட்டதற்கு, “நீங்களே பாத்துப் போட்டுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மனுவில் நடந்தது அத்தனையும் இருக்கிறது. எந்தக் கோர்ட்டானாலும் அதில் ஒரு சொல் மாறாது. ‘பெறுநர்’ என்பதற்குக் கீழே மட்டும் காலி. சுடலைமணிக்குக் கை ஓடவில்லை, நீங்களே எழுதிவிடுங்கள். எழுதுமுன் நெல்லையப்பனுடைய வயதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு என்று மனுவின் இரண்டாவது வரியில் இருக்கிறது.