ரோஷக்காரன் லாரி

தெருவில் எல்லோரும் அவனை ரோஷக்காரன் என்றுதான் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு அவனும் மீசையைத் தடவிக்கொள்வான். அந்த ரோஷத்தால் ஒரு வேளையாவது அடுப்பு எரிந்ததுண்டா என்று அவன் மனைவியைக் கேட்டால் தெரியும்.

வீட்டின் ஒரே சொத்து ஒரு பழைய டீசல் லாரி. ஒரே வருமானம், விடிவதற்குள் பேக்கரியில் ரொட்டி ஏற்றிக் கடை கடையாக இறக்கிவிட்டு வருவது. குளிர் தொடங்கியதிலிருந்து அந்த லாரி காலையில் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. சாவியைத் திருப்பினால் கர்ர் கர்ர் என்று இழுக்கும், வெள்ளைப் புகை கக்கும், அடங்கிப்போகும். நெடுநேரம் மல்லுக்கட்டிய பிறகு, போனால் போகிறது என்று கிளம்பும். ரொட்டி தாமதமானது, கடைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். பேக்கரி மேனேஜர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு நாள் லேட்டா வாங்க, வேற வண்டிக்குக் குடுத்துடறேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

ரோஷக்காரன் சும்மா இருந்தானா? பேட்டரியை மாற்றினான். அதற்கு அவள் தோடு போனது. ஹீட்டர் பிளக்கை மாற்றினான். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டினான். குளிரில் டீசல் கெட்டியாகிவிடும் என்று எவனோ ஓதிவிட, டேங்கில் ஊற்ற ஒரு டப்பா மருந்தும் வாங்கி வந்தான். ஊரிலிருந்த ஒர்க்ஷாப் ஒன்று விடாமல் ஏறி இறங்கினான், அண்ணனுடையதைத் தவிர. டீசல் பம்ப் வேலையில் அந்த அண்ணனை அடித்துக்கொள்ள ஊரில் ஆளே கிடையாது. தம்பிக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், எந்த ஒர்க்ஷாப்பில் விட்டாலும், விறைக்கிற குளிரில் வெளியே நிறுத்தியிருந்தாலும், லாரி மறுநாள் காலை ஒரே திருப்பில் கிளம்பியது.

"வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. எதுக்கும் நீங்க ஒரு டாக்டரைப் பாருங்க," என்று ஒரு மெக்கானிக் சொல்லியே விட்டான்.

அண்ணன், தம்பி இருவர் வீடும் ஒரே முற்றத்தில், எதிரெதிரே. முற்றம் நல்ல சரிவு. மேட்டில் தம்பி வீடு, பள்ளத்தில் அண்ணன் வீடு, பக்கவாட்டில் கேட். மழைக்காலம் முடிகிற சமயத்தில் சொந்தக்காரர் வீட்டு விருந்தில் அண்ணன் வாய் சும்மா இருக்காமல், "என் தம்பி கிளட்ச் மேலயே காலை வெச்சுத் தூங்குவான்," என்று சொல்லப்போக, பந்தியே சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. பேச்சோடு போயிருந்தால் தேவலையே! "விடிஞ்சதும் அவன் மூஞ்சியில நானும் முழிக்க மாட்டேன், என் வண்டியும் முழிக்காது," என்று தம்பி லாரியையும் அப்படியே திருப்பி நிறுத்தினான். மூக்கு மேட்டைப் பார்க்க, பின்பக்கம் அண்ணன் வாசலைப் பார்க்க. காலையில் கக்குகிற புகை நேரே அண்ணன் ஜன்னலுக்குள் போவதில் ஐயாவுக்குப் பரம திருப்தி வேறு. லாரிக்கு மூஞ்சியாம், அதற்கு ஒரு கோபமாம்! கேட்கிறவர்கள் எதால் சிரிப்பார்கள் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் யாரோ முற்றத்தில் மணல் லோடு கொட்டிவிட்டார்கள். லாரியை வெளியே சமதளமான சாலையில் நிறுத்த வேண்டியதாயிற்று. காலையில் ஒரே திருப்பு, கிளம்பிவிட்டது. "பாத்தியா, புது பேட்டரி வேலையைக் காட்டுது!" என்று அவன் குதித்தான். மணலை அள்ளியதும் லாரி முற்றத்துக்குத் திரும்பியது. மறுநாள் காலை பழையபடி கர்ர் கர்ர். மேனேஜர் அந்தக் கடைசிக் கெடு வைத்ததும் அன்றைக்குத்தான். அவளுக்குப் பொறி தட்டியது. டாக்டரைப் பார்க்கச் சொன்ன அதே மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"மேட்டைப் பாத்தா நிறுத்துறீங்க? அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதாக்கா?" என்று அவன் சிரித்தான். "குளிர்ல ரப்பர் வாஷர் இறுகிப்போய் எங்கயோ காத்து வாங்குது. மூக்கு மேல தூக்கியிருந்தா குழாயில இருக்கிற டீசலெல்லாம் ராத்திரியே டேங்குக்கு இறங்கிடும். காலையில இன்ஜினுக்குப் போறது வெறும் காத்துதான். கைப்பம்ப் இருந்தாலாவது அடிச்சு ஏத்திக்கலாம், அதையும் உடைச்சு வெச்சிருக்கீங்க. வாஷர் வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி நிறுத்துங்க, போதும்."

சாயங்காலம் அவள் புருஷனிடம் சொன்னாள்.

"அவன் வாசலைப் பாத்தா? நடக்காது."

"நாளைக்கும் லேட்டானா வேலை போயிடுங்க."

"போனா போகட்டும். மானம் போகக் கூடாது."

மானமாம், மானம்! தோடு போன காதோடு நாலு பேர் முன்னால் நிற்பவளுக்கு அது கிடையாது போலிருக்கிறது. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள். கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் லாரியை ஓட்டி லைசென்ஸ் வாங்கியவள் அவள். முன்னும் பின்னுமாக நாலு முறை எடுத்து, மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினாள். ஹெட்லைட் வெளிச்சம் அண்ணன் வீட்டு ஜன்னல் முழுக்க அடித்தது. கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார்.

"என்னம்மா, ஒருவழியா கண்டுபிடிச்சிட்டீங்களா?"

அவள் திகைத்துப்போனாள். "உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"முதல் நாள் செல்ஃப் இழுத்த சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு, காத்து வாங்குதுன்னு. அந்த வாஷர் நம்ம கடையில டப்பா நிறையக் கிடக்கு. அவனா வந்து கேக்கட்டும்னு விட்டுட்டேன்." சொல்லும்போது முகத்தில் என்ன ஒரு பெருமை!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி குடும்பத்தின் பிழைப்பு வாசலில் இழுத்துக்கொண்டு கிடக்க, இந்த மனிதர் தினமும் போர்வைக்குள் சுகமாகப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நல்லா இருக்கு மாமா, ரொம்ப நல்லா இருக்கு. உங்க ரெண்டு பேரையும் பெத்த மகராசி நேரத்தோட போய்ச் சேந்துட்டாங்க. தப்பிச்சாங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

விடியலுக்கு முன் ரோஷக்காரன் மப்ளரைக் கண் மறைய இழுத்துக் கட்டிக்கொண்டு, தடவித் தடவி வந்து லாரியில் ஏறினான். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு. இன்ஜின் ஜம்மென்று பிடித்துக்கொண்டது. அவன் மப்ளரை அவிழ்க்கவில்லை.

"லெப்டா ரைட்டா, நீ பாத்துச் சொல்லு. கேட்டைத் தாண்டினதும் மப்ளரை எடுத்துடறேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இறங்குங்க."

"என்னது?"

"இறங்குங்கன்னு சொன்னேன்."

அந்தக் குரலைக் கேட்டு அவன் இறங்கிவிட்டான். அவள் ஸ்டியரிங்குக்கு நகர்ந்து, வளைத்து, கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

பேக்கரி வாசலில் வேறொரு வண்டி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றது. மேனேஜர் இவர்கள் வரப்போவதில்லை என்றே முடிவு கட்டியிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், அதிலிருந்து குதித்தவளைப் பார்த்தார். பிறகு அந்த வண்டிக்காரனைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். 

ரொட்டித் தட்டுகள் ஏறிக்கொண்டிருந்தபோது மேனேஜர் கேட்டார். "நாளைக்கு யாரும்மா வருவீங்க? அவரா, நீங்களா?"

அவள் தயங்கினாள். என்ன இருந்தாலும் இத்தனை வருஷம் அவன் ஓட்டிய வண்டி. நேரத்துக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் சாவியைக் கொடுத்துவிடலாம் என்றுதான் மனசுக்குள் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவன் போன் வந்தது. போய்ச் சேர்ந்தாயா, வேலை தப்பித்ததா என்று கேட்கப்போகிறான் என்று எடுத்தாள்.

"ஏய், திரும்பி வந்து வண்டியை எந்தப் பக்கம் பாத்து நிறுத்தப் போறே?"

அவள் போனை அணைத்தாள்.

"நான்தான் சார் வருவேன்," என்றாள். "டிரைவர் பேரை மாத்தி எழுதிக்குங்க."